ஒன்பதாம் எண் பண்ணை

வலைக்காரி என்று அவளுக்கு முதலில் பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பதினான்கு பண்ணைகளிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கையில் நீளக் காம்பு போட்ட வெள்ளை வலை, தோளில் பை, கழுத்தில் தொங்குகிற கடிகாரம். இந்தக் கோலத்தில் ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வயலோரமாக அடிமேல் அடி வைத்து நடந்து போனால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதல் வருஷம் ஒரு விவசாயி, "தேன் எடுக்கப் போறீங்களாம்மா?" என்று கேட்டார். இந்தத் தேனீ தேன் தராது, காட்டுத் தேனீ, பூவில் காய் பிடிக்க வைக்கும், அவ்வளவுதான் என்று சொன்னாள். "தேன் தராத தேனீயை எண்ணுறதுக்குச் சம்பளமா? எங்க வீட்டுல பால் தராத மாடு ஒண்ணு இருக்கு, வந்து எண்ணுங்க" என்றார். இருபத்தொரு வருஷமாக அவர் அந்த ஜோக்கை விடவில்லை. இவளும் சிரிப்பதை விடவில்லை.

வேலை கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். பண்ணைக்கு ஒரு பாதை, இருநூற்றைம்பது தப்படி. பூக்கிற காலத்தில் ஆறு தடவை அந்தப் பாதையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்துக்குள் பறக்கிற, பூவில் உட்கார்கிற காட்டுத் தேனீ அத்தனையையும் எண்ண வேண்டும். எது என்று தெரியாவிட்டால் வலையில் பிடித்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுப் பார்க்கலாம். ஆனால் பார்க்கிற நேரம் கணக்கில் வரக் கூடாது, கடிகாரத்தை நிறுத்திவிட வேண்டும். காற்று அடித்தால் நடக்கக் கூடாது. மேகம் மூடினால் நடக்கக் கூடாது. பாதி தேனீக்கள் அரிசி மணி அளவுகூட இருக்காது. கண் சிமிட்டினால் போயிற்று. எல்லாவற்றையும்விட முக்கியம், ஆள் மாறக் கூடாது. ஆள் மாறினால் எண் மாறும். அதனால்தான் காய்ச்சலானாலும் கல்யாணமானாலும் இருபத்தொரு வருஷமும் அவள் ஒருத்தியே நடந்தாள்.

பதினான்கில் ஒன்பதாம் எண் அவளுடைய சொந்த அண்ணனின் பண்ணை. ஆரம்பத்தில் பண்ணை கிடைக்காமல் அவள் லோ லோ என்று அலைந்தபோது, "என் வயல்லயும் வந்து எண்ணித் தொலை" என்று சொன்ன மனுஷர். வாய்க்கால் ஓரத்தில் அவருக்கு ஒரு மண்மேடு இருந்தது. நாற்பது தப்படி நீளம், புல் பூண்டு இல்லாத வெறும் மண். அது நிறையத் துளை துளையாக இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு தாய்த் தேனீ தானே தோண்டிய வீடு. அதற்குள் மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். ஒரு வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு துளை எண்ணினாள். மேட்டைத் தட்டி நிரவினால் இன்னும் நாலு வரிசை விதைக்கலாம் என்று அண்ணனுக்கு ஆசை. "அதுல கை வெச்சீங்கன்னா, தங்கச்சின்னு ஒருத்தி இருக்கிறதை மறந்துடுங்க" என்று சொல்லி வைத்திருந்தாள்.

சொன்னால் செய்கிறவள்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் மருந்து அடிக்கிற விஷயத்தில் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. பூத்து நிற்கிற சூரியகாந்தியில் அவர் மருந்து அடித்துவிட்டார். மறுநாள் இவள் போய்ப் பார்த்தால் பாதை முழுக்கத் தேனீ செத்துக் கிடக்கிறது. வாய்க்கு வந்தபடி பேசினாள். அண்ணி குறுக்கே வந்து, "ஈக்காகவாடி அண்ணன்கூடச் சண்டை போடுறே?" என்று கேட்டதும் இன்னும் எகிறினாள். ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் அண்ணனே போன் பண்ணினார். "மருந்து அடிக்கிறதை விட்டுட்டேன். இனிமே ஒரு சொட்டு அடிக்க மாட்டேன். போதுமா தாயே?" போனை வைத்துவிட்டு இவள் ஓவென்று அழுதாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒன்பதாம் எண் 'மருந்தில்லாப் பண்ணை' ஆயிற்று. அவளுக்குச் சம்பளம் கொடுக்கிற பூச்சி ஆராய்ச்சி அலுவலகத்தில் மற்ற பதின்மூன்றையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தராசில் எடைக்கல் மாதிரி அது. இனி இங்கே தேனீ பெருகும், மற்றவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள் என்று கனவு கண்டாள்.

பெருகவில்லை. இருநூற்று நாலு என்று இருந்தது நூற்றைம்பது ஆயிற்று. அப்புறம் எண்பது, நாற்பத்தாறு. அடுத்த நாலு வருஷம் முப்பத்தொன்று, பதினாலு, ஐந்து, இரண்டு. கேட்கவே வயிறு எரிகிறது இல்லையா? நடந்து எழுதியவளுக்கு எப்படி இருந்திருக்கும்! மற்றப் பண்ணைகளிலும் விழுந்ததுதான். ஆனால் மருந்தே அடிக்காத பண்ணையிலேயே இப்படி விழுகிறது என்றால் காரணம் மருந்து இல்லை, வேறென்னவோ என்று அலுவலகத்தில் முடிவு கட்டி, அறிக்கையில் அச்சடித்தும் விட்டார்கள். அவளும் அதை நம்பினாள். வெயில், மழை, நோய் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

போன அறுவடை முடிந்ததும் அண்ணன் மெதுவாகப் பேச்செடுத்தார். "ரெண்டே ரெண்டுன்னு நீயே எழுதியிருக்கே. யாருமில்லாத வீட்டுக்கு எதுக்கு இடம்? மேட்டைத் தட்டிடட்டுமா?"

"அடுத்த பருவம் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் கிண்ண விவகாரம் வந்தது. நடந்து எண்ணுவதோடு புதிதாக ஒரு முறையையும் சேர்க்கலாம் என்று அலுவலகத்தில் முடிவு செய்தார்கள். நிறம் பூசிய கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வயலில் வைத்தால், பூ என்று நினைத்துத் தேனீ வந்து விழும். மஞ்சள், வெள்ளை, நீலம் என்று மூன்று நிறம். பெட்டி அவளுடைய கிளை அலுவலகத்துக்கு வந்ததும் வலைக்காரி பிரித்துப் பார்த்துவிட்டு மேலதிகாரிக்குப் போன் பண்ணினாள். மேலதிகாரி அவளைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"மேடம், நீலக் கிண்ணத்தை மறந்துட்டீங்க. அதுக்குப் பதிலா சாம்பல் கலர்ல வந்திருக்கு."

"நான்தான் அக்கா எண்ணி வெச்சேன். பளீர்னு நீலமா இருக்குமே."

"இல்லைங்கிறேன். கையில வெச்சுக்கிட்டுத்தானே பேசுறேன்."

அவளுக்குப் பக்கத்து மேஜையில் இருந்த கணக்கர் அவள் கையிலிருந்த கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "என்னம்மா விளையாடுறீங்க? நல்ல நீலம்மா அது" என்றார்.

மறுநாள் கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரை நன்றாக முற்றியிருக்கிறது என்றார். அஞ்சாறு வருஷமாகவே வளர்ந்திருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக மறைத்ததால் தெரியவில்லை, நீல நிறம்தான் முதலில் மங்கிப் போகும், பொடிசான பொருள்களும் தெரியாது என்று விளக்கினார்.

"பொடிசுன்னா? அரிசி அளவு?"

"பறக்கிற அரிசின்னா வாய்ப்பே இல்லை" என்று டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார்.

வலைக்காரி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். முகமெல்லாம் பல். டாக்டர் பயந்துபோய், "அம்மா, புரை விழுந்திருக்குன்னு சொன்னேன்" என்றார். "ரொம்ப நன்றி டாக்டர், ரொம்ப ரொம்ப நன்றி" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் போச்சு என்று கேட்டுக் குதித்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கெட்டது அவள் கண், தேனீ இன்னும் இருக்கத்தான் இருக்கும்! நாலு வருஷமாகக் குருட்டுக் கண்ணை வைத்துக்கொண்டு இருக்கிறவற்றை எல்லாம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். வேலைக்குக் கெட்ட பேர்தான். வந்தால் வரட்டும், வேலையே போனாலும் போகட்டும்.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன். "மேட்டைத் தொடாதீங்க. எனக்குக் கண்ணு தெரியலையாம்!"

"அடிப்பாவி, அதை இப்படிச் சிரிச்சுக்கிட்டா சொல்வே?" என்றார் அண்ணன். அப்புறம் அவருக்கும் விஷயம் புரிந்து சிரித்தார். "அப்ப இவ்வளவு நாளா எங்க வீட்டு விருந்தாளியை எல்லாம் ஆப்சென்ட் போட்டியா நீ?"

மேலதிகாரியும் கோபித்துக்கொள்ளவில்லை. "அறுவை சிகிச்சை பண்ணிக்கிட்டு வாங்க அக்கா. புதுக் கண்ணோட நடந்து எவ்வளவு வருதுன்னு பார்ப்போம். அதை வெச்சு பழைய நாலு வருஷத்தையும் திருத்திடலாம்" என்றாள். அவள் குரலிலும் தெம்பு. இத்தனை வருஷம் இழவுச் செய்தி மாதிரி அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தவள்தானே அவளும்.

குளிர் முடிவதற்குள் இரண்டு கண்ணும் ஆயிற்று. கட்டுப் பிரித்த அன்று குளியலறையில் நின்று பார்த்தால், வாளி நீலம், சோப்பு டப்பா நீலம், கதவு நீலம். கதவு நீலம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

பூ தொடங்கியதும் முதல் நடை எந்தப் பண்ணை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. ஒன்பதாம் எண்தான். நல்ல வெயில், காற்று இல்லை. பாதையோரம் களைப்பூக்கள் மண்டிக் கிடந்தன. அண்ணன் வயலின் அந்தக் கோடியில் விதைக்கிற இயந்திரத்தோடு மாரடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவு தூரத்திலும் தொப்பியின் கிழிசல்கூடத் தெரிந்தது அவளுக்கு. கடிகாரத்தை அமுக்கினாள்.

எல்லாம் தெரிந்தது. ஒவ்வொரு பூவிலும் ஒவ்வொரு தூள் மகரந்தம் தெரிந்தது. இலையின் அடியில் ஒட்டியிருந்த செடிப்பேன் தெரிந்தது. எறும்பு தெரிந்தது, அதன் கால் தெரிந்தது. ஒரு ஈ வந்தது. வெறும் ஈ, தேனீ இல்லை. ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து. சும்மா தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பதினைந்தாவது நிமிஷம் தேனீ வளர்க்கிற யாரோ ஒருவருடைய பெட்டித் தேனீ ஒன்று குறுக்கே போயிற்று. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால்தான் என்ன என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். இருபத்தொரு வருஷத்தில் அப்படி நினைத்தது அன்றைக்குத்தான்.

மேட்டுக்கு வந்தாள். குனிந்து, முழங்காலில் உட்கார்ந்து, மூக்கு மண்ணில் உரசுகிற மாதிரி பார்த்தாள். துளைகள் இருந்தன. ஓரம் இடிந்து, தூர்ந்து போன பழைய துளைகள். சிலவற்றின் வாயில் சிலந்தி நூல் கட்டியிருந்தது. புதிதாகத் தோண்டிய மண் குவியல் ஒன்றுகூட இல்லை. நாற்பது தப்படியும் முழங்காலிலேயே நகர்ந்து பார்த்தாள். முப்பது நிமிஷம் முடிந்து கடிகாரம் கூவியது. முடிந்த பிறகும் இன்னொரு அரை மணி பார்த்தாள். விதிப்படி அது எந்தக் கணக்கிலும் வராது.

மேலதிகாரி காத்துக்கொண்டிருந்திருக்கிறாள் போலிருக்கிறது. முதல் மணியிலேயே போனை எடுத்துவிட்டாள். "எவ்வளவு அக்கா?"

"ஒண்ணும் இல்லை மேடம்."

"கண்ணு இன்னும் முழுசாச் சரியாகலையோ? டாக்டரை இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்" என்றாள் அவள் கெஞ்சுகிற குரலில்.

"எல்லாம் தெரியுது மேடம். எறும்போட கால் தெரியுது."

சொல்லிவிட்டு மேட்டின்மேலேயே உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்துவிட்ட அந்த டாக்டர்மேல் கோபம் கோபமாக வந்தது. புரை அப்படியே இருந்திருந்தால் செத்துப் போகிற வரைக்கும், 'என் கண்ணுக்குத்தான் தெரியலை' என்று சொல்லிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தார். "என்ன, எத்தனை பேர் ஆஜர்?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்தார். தங்கைக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல், தோளில் கை வைத்தார்.

தோளில் இருந்த கையை அவள் பார்த்தாள். விரல்கள் நீலமாக இருந்தன. நகக்கண், ரேகை, மணிக்கட்டு வரைக்கும் நல்ல நீலம்.

"என்ன அண்ணே இது கையில?"

"விதைச் சாயம். எட்டு வருஷமா இப்படித்தான். இப்பத்தான் உனக்குக் கண்ணு தெரியுதாக்கும்?" இடுப்பில் முடிந்திருந்த துணியிலிருந்து நாலு விதையை எடுத்து உள்ளங்கையில் காட்டினார். சூரியகாந்தி விதை. மிட்டாய் மாதிரி நீலம் பூசியிருந்தது.

ஒரு விதையை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தாள். இது விதை நேர்த்தி. விதையிலேயே மருந்தைப் பூசி விற்பது. முளைக்கும்போதே வேர் வழியாக ஏறி, தண்டு, இலை, பூ, மகரந்தம் என்று செடி முழுக்க மருந்து பரவும். மீதி மண்ணிலேயே தங்கும், வருஷத்துக்கு வருஷம் சேரும். மண்ணுக்குள் குடியிருக்கிற தேனீக்கு அதைவிட்டால் போக்கிடம் கிடையாது. இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. மற்றப் பதின்மூன்று பண்ணைகளிலும் கிடங்குக்குள் போய், மூட்டையைப் புரட்டி, சீட்டைப் படித்துவிட்டுத்தான் அந்தக் கட்டத்தை நிரப்புவாள். இங்கே கிடங்குப் பக்கமே போனதில்லை. அண்ணன் வீடாயிற்றே! சமையலறையில் உட்கார்ந்து, அண்ணி கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, போன வருஷம் போலவே என்று 'இல்லை'யில் ஒரு டிக் அடித்துவிடுவாள். முதல் நாலு வருஷம் அவள் கண்ணும் நல்ல கண்தான். அப்போதும் போய்ப் பார்க்கவில்லை; விதைப்பு முடிந்த பிறகே இங்கே நடைக்கு வந்ததால் சாயக் கையும் கண்ணில் படவில்லை. எட்டு டிக். அந்த எட்டு டிக்கை நம்பித்தான் காரணம் மருந்து இல்லை என்று ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

"இதை ஏன் அண்ணே வாங்கினீங்க?" குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"ஏன்னு கேக்குறியா? உனக்காகத்தான்! நீ அன்னைக்கு அந்தக் குதி குதிச்சியே. கடைக்காரர்கிட்டச் சொன்னேன், மருந்து அடிச்சா என் தங்கச்சி பேச மாட்டேங்கிறா, வேற வழி சொல்லுங்கன்னு. இந்த விதை போட்டா அடிக்கவே வேண்டாம்னு சொன்னார். விலை ஜாஸ்திதான். ஆனா சொன்ன மாதிரியே அன்னையிலேர்ந்து தெளிப்பானைத் தொடலை." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம். அறுபது வயது மனுஷர், இதய அடைப்புக்கு ஏற்கெனவே ஒரு குழாய் வைத்திருக்கிறது. ஆனால் இயந்திரம் அங்கே பாதி வயலில் நின்றது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் இதே நீலம்தான், இதே பெருமைதான்.

"அண்ணே, அதுலயும் மருந்துதான் இருக்கு" என்றாள்.

மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் பழையபடி அடிச்சுக்கிட்டே இருந்திருந்தா, இதுங்க இருந்திருக்குமா?" என்று கேட்டார் கடைசியில்.

அவளிடம் இருபத்தொரு வருஷ எண் இருந்தது. அவர் மருந்து அடித்த பதின்மூன்று வருஷத்திலும் இருநூறுக்குக் குறைந்ததே இல்லை. "என் தப்பு அண்ணே. நான் ஒரு தடவை கிடங்கை வந்து பார்த்திருக்கணும். உங்களை நான் கேட்டிருக்கணும்" என்றாள். அழுகை வந்துவிட்டது.

"நீ கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றார் அவர். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனாலேயே அது அதிகமாக வலித்தது.

"சாயம் பூசாத விதை கிடைக்குமா இப்ப?" என்று அவரே கேட்டார்.

"இப்ப எந்தக் கடையிலயும் இல்லை. முன்கூட்டியே சொல்லி வெச்சாத்தான் அடுத்த வருஷத்துக்குக் கிடைக்கும்" என்றாள்.

அவர் வானத்தைப் பார்த்தார். மறுநாள் மழை என்று சொல்லியிருந்தார்கள். மழைக்கு முன் விதைக்காவிட்டால் இந்தப் போகம் கிடையாது. கிடங்கில் இன்னும் நாலு மூட்டை இருந்தது. இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. விவசாயி வீட்டில் பிறந்தவளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். இரண்டு தப்படி போய்விட்டு நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீ கிளம்பும்மா. நீ நின்னு பார்த்துக்கிட்டிருந்தா என்னால ஓட்ட முடியாது."

அவள் வலையைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள். சாலைக்கு வந்து கேட்டை இழுத்துச் சாத்திய பிறகுதான் பின்னால் இயந்திரம் கிளம்புகிற சத்தம் கேட்டது.